வந்ததும் போவதும்: குருதியோட்டத்தின் கணக்கு

சென்ற மழைக்காலத்தில் இதயப் பிரிவின் வெளிநோயாளர் அறைக்கு ஐயம்பேட்டையிலிருந்து ஒரு பட்டு நெசவாளர் தம் மகனுடன் வந்திருந்தார். வயது அறுபத்தெட்டு. எக்கோ பரிசோதனை முடிந்து அறிக்கை கைக்கு வந்ததும், மகன் அதில் ஒரு வரியைச் சுட்டிக்காட்டிக் கேட்டார்: “அப்பாவின் உடம்புக்குள் நீங்கள் எதையும் செலுத்தவில்லையே, டாக்டர்? மார்பின்மேல் ஒரு கருவியை வைத்துப் பார்த்தீர்கள், அவ்வளவுதான். வால்வின் திறப்பு 0.8 சதுர சென்டிமீட்டர் என்று இதில் எழுதியிருக்கிறதே, உள்ளே போய் அளந்தவர் யார்?”

நியாயமான வினா. அந்த ஒற்றை எண்ணைக் கொண்டுதான் அவருடைய தந்தைக்கு வால்வு மாற்றுச் சிகிச்சை வேண்டும் என்று நாங்கள் கூறியிருந்தோம். தந்தையோ தமக்கு நோயே இல்லை என்ற எண்ணத்தில் இருந்தார். குழித்தறியில் மிதியை மிதிக்கும்போது மூச்சு வாங்குகிறது என்பதை அவர் வயதின் கணக்கில் எழுதிவிட்டார். நாளொன்றுக்கு நெய்யும் அளவை மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டார். குறைத்துக்கொண்டபின் மூச்சு வாங்குவதும் குறைந்தது. ஆகவே குணமாகிவிட்டது என்று நினைத்தார். இரத்த அழுத்தம் 120 என்று காட்டியது அவருடைய நம்பிக்கைக்கு மேலும் துணை நின்றது. இத்தகைய நோயாளியிடம் ஓர் எண்ணைக் காட்டி, “மார்பைத் திறக்க வேண்டியிருக்கும்” என்று சொல்வதானால், அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லும் கடமை நமக்கு உண்டு. அன்று அவர்களுக்குக் கூறியதையே சற்று விரித்து இங்கு எழுதுகிறேன்.

ஐயம்பேட்டையிலிருந்து வாலாஜாபாத் வழியாகச் சிறிது தொலைவு சென்றால் பழையசீவரம். அங்கே பாலாற்றைக் கடந்தால் திருமுக்கூடல். மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பார்வேட்டைக்கு எழுந்தருளும் வழியாதலால் அப்பக்கத்து மக்கள் அனைவரும் அறிந்த இடம் அது. பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்றும் அங்கே கூடுகின்றன. அக்கோயிலில் வீரராசேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. ‘வீரசோழன்’ என்ற பெயரில் அங்கு ஓர் ஆதுலசாலை, அதாவது மருத்துவமனை, 15 படுக்கைகளுடன் நடந்ததையும், அதற்கு ஒரு மருத்துவர், அறுவை செய்வார் ஒருவர், மருந்து கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்கள் ஆகியோர் அமர்த்தப்பட்டிருந்ததையும், இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களையும் அது கூறுகிறது. மருத்துவமனையில் பணியாற்றுகிற எவருக்கும் அந்தக் கல்வெட்டைப் படிக்கும்போது ஓர் உறவுணர்வு தோன்றும். எனினும் அன்று நான் திருமுக்கூடலை நினைவூட்டியது ஆதுலசாலைக்காக அன்று. அங்கு கூடும் ஆறுகளுக்காக.

மூன்று ஆறுகளிலும் நீர் ஓடும் ஒரு நாளில், கூடலுக்குக் கீழே பாலாற்றில் ஒரு நொடியில் கடக்கும் நீர் எவ்வளவு? மேலே பாலாற்றில் வந்தது, செய்யாற்றில் வந்தது, வேகவதியில் வந்தது ஆகிய மூன்றின் கூட்டுத்தொகையே. நீரை அழுத்திச் சுருக்க முடியாது; நடுவழியில் அது புதிதாகப் பிறப்பதுமில்லை, மறைவதுமில்லை. ஆகவே ஓரிடத்துக்கு வந்து சேரும் நீரும், அவ்விடத்தை விட்டு நீங்கும் நீரும் சமமாகவே இருக்க வேண்டும். அங்ஙனம் இல்லையெனில் நீர் அங்கே தேங்குகிறது, அல்லது எங்கோ கசிகிறது என்று பொருள். தறியில் கட்டிய பாவில் அச்சுக்குப் பின்னால் எத்தனை இழைகளோ, முன்னால் நெய்த துணியிலும் அத்தனை இழைகள் இருந்தாக வேண்டும் அல்லவா? ஓர் இழை குறைந்தால், அது எங்கோ அறுந்திருக்கிறது என்று நெசவாளர் உடனே தேடுவார். ஆற்றுக்கும் அதே கணக்குதான்.

இனி வேகத்துக்கு வருவோம். ஓர் ஆறு 100 மீட்டர் அகலமும் 1 மீட்டர் ஆழமும் கொண்டு, நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடுவதாகக் கொள்வோம். ஒரு நொடியில் கடக்கும் நீர் 100 × 1 × 0.5, அதாவது 50 கன மீட்டர். அதே ஆறு கீழே ஒரு பாலத்தின் கண்களுக்கிடையே 50 மீட்டர் அகலத்துக்குள் ஒடுங்க நேர்ந்து, ஆழமும் மாறாதிருந்தால், அதே 50 கன மீட்டர் பாதி இடைவெளியில் கடக்க வேண்டும். நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடினாலன்றி அது இயலாது. இடம் பாதியானால் வேகம் இரு மடங்கு. இடம் நான்கில் ஒன்றானால் வேகம் நான்கு மடங்கு. மெய்யான ஆற்றில் ஒடுங்கிய இடத்துக்கு மேலே நீர்மட்டமும் சற்று உயரும். ஆகவே கணக்கு இவ்வளவு எளிதாக இராது. நாற்புறமும் மூடிய குழாயில் அந்தச் சிக்கல் இல்லை. குருதி நாளம் மூடிய குழாயே.

இதைத்தான் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் நூலில் ‘தொடர்ச்சிச் சமன்பாடு’ என்று மாணவர் படிக்கின்றனர்: குறுக்குவெட்டுப் பரப்பையும் திசைவேகத்தையும் பெருக்கினால், குழாயின் எவ்விடத்திலும் அதே தொகை வரும். மூன்றில் இரண்டு தெரிந்தால் மூன்றாவதைக் கணக்கிட்டுவிடலாம் என்பதே இதன் பயன். ஐயம்பேட்டை இளைஞரின் வினாவுக்கு விடை இந்த ஒரு வரியில் அடங்கியிருக்கிறது.

இந்த விதி மருத்துவத்துக்குள் நுழைந்த கதையும் சுவையானது. கலிலியோவின் மாணவரான பெனடெட்டோ காஸ்டெல்லி என்னும் துறவி, ஓடும் நீரை அளப்பது பற்றிய தம் நூலை 1628இல் உரோமில் வெளியிட்டார். பரப்பு குறைந்தால் வேகம் கூடும் என்று ஆறுகளைக் கொண்டு அதில் விளக்கினார். அதே 1628இல், இத்தாலியின் பதுவா நகரில் மருத்துவம் பயின்ற ஆங்கிலேயர் வில்லியம் ஹார்வி, இதயத்தின் இயக்கம் பற்றிய தம் நூலை வெளியிட்டார். உணவிலிருந்து கல்லீரல் ஓயாமல் குருதியை உண்டாக்குகிறது, உடல் அதை உறிஞ்சித் தீர்த்துவிடுகிறது என்பதே அதுவரை ஐரோப்பிய மருத்துவரின் நம்பிக்கை. ஹார்வி கணக்குப் போட்டார். ஒரு துடிப்பில் இதயம் வெளியேற்றும் குருதியை மிகக் குறைவாகவே மதிப்பிட்டாலும், அரைமணி நேரத்தில் அது ஆயிரம் முறைக்கு மேல் துடிக்கிறது; அவ்வளவையும் கூட்டினால் உடலில் உள்ள மொத்தக் குருதியையும் விஞ்சுகிறது. உண்ட உணவிலிருந்து அத்தனை குருதி பிறக்க வழியில்லை. ஆகவே போன குருதியே திரும்பி வருகிறது. அது சுற்றிச் சுழல்கிறது. தமனியிலிருந்து சிரைக்கு அது கடக்கும் நுண்ணிய வழிகளை ஹார்வி தம் வாழ்நாளில் காணவில்லை. அவர் மறைந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1661இல், மார்செல்லோ மால்பீகி தவளையின் நுரையீரலில் அவற்றை நுண்ணோக்கி வழியே கண்டார். வரவும் செலவும் சமன் என்ற கணக்கின் வலிமையால், கண்ணுக்குத் தெரியாத வழி ஒன்று இருந்தே தீர வேண்டும் என்று 33 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் துணிந்து எழுத முடிந்திருக்கிறது.

அந்த நுண்வழிகளான தந்துகிகளைப் பற்றிப் பலருக்கும் ஓர் ஐயம் எழும். ஒரு தந்துகியின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு; சிவப்பணு ஒன்று ஒடுங்கிக் கடக்குமளவே இடம். இடம் சுருங்கினால் வேகம் கூடும் என்றால், தந்துகியில் குருதி அம்புபோல் பாய வேண்டாமா? பாய்வதில்லை, ஊர்கிறது. ஏனெனில் தந்துகி ஒன்றன்று, கோடானுகோடி. ஒன்றன் பரப்பை மட்டும் பார்க்கலாகாது. குருதி ஒரே சமயத்தில் கடக்கும் எல்லாவற்றின் பரப்பையும் கூட்டிப் பார்க்க வேண்டும். பெருந்தமனியின் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறத்தாழ 2.5 சதுர சென்டிமீட்டர். தந்துகிகள் அனைத்தையும் கூட்டினால் ஏறத்தாழ 2,500 சதுர சென்டிமீட்டர். அதாவது அரை மீட்டர் நீளமும் அரை மீட்டர் அகலமும் உள்ள ஒரு துணித்துண்டின் அளவு. ஓய்விலிருக்கும் இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர், அதாவது நொடிக்கு 83 மில்லிலிட்டர், குருதியைச் செலுத்துகிறது. பெருந்தமனியில் அது நொடிக்குச் சராசரியாக 33 சென்டிமீட்டர் ஓடும். தந்துகிகளில் ஒரு மில்லிமீட்டரின் மூன்றிலொரு பங்குதான் நகரும். ஆயிரம் மடங்கு மெதுவாக. ஏரி மதகில் சீறும் நீர், வாய்க்கால்களாகப் பிரிந்து வயலெங்கும் பரவும்போது ஓசையின்றி நகர்வதைப் போன்றது இது. ஆக்சிஜனை இறக்கிவைத்துக் கழிவை ஏற்றிக்கொள்ள அந்தத் தாமதம் இன்றியமையாதது. பின்னர்ச் சிரைகள் ஒன்றுசேரச் சேர மொத்தப் பரப்பு குறைகிறது. குருதியின் வேகமும் மீண்டும் கூடுகிறது.

இப்போது எக்கோ அறிக்கைக்கு வருவோம். இதயத்தின் இடது கீழறையிலிருந்து குருதி வெளியேறும் வாயிலில் பெருந்தமனி வால்வு உள்ளது. இளமையில் அதன் இதழ்கள் விரியும்போது 3 முதல் 4 சதுர சென்டிமீட்டர் வரை திறக்கும். முதுமையில் சுண்ணாம்புச் சத்துப் படிந்தோ, இளமையில் வந்த வாதக் காய்ச்சலின் விளைவாலோ அந்த இதழ்கள் தடித்து இறுகக்கூடும். திறப்பின் விளிம்பு கரடுமுரடாக இருப்பதால், அதன் பரப்பை எக்கோ படத்தில் நேராக வரைந்து அளப்பது பல வேளைகளில் இயலாது. ஆனால் வால்வுக்குச் சற்று முன்னுள்ள வழி, வட்டமான ஒரு குழாயைப் போன்றது. அதன் விட்டத்தை அளக்கலாம். டாப்ளர் முறையில், குருதியணுக்களில் பட்டுத் திரும்பும் ஒலியலையின் அதிர்வெண் மாற்றத்தைக் கொண்டு, அவ்வழியில் குருதி ஓடும் வேகத்தையும் வால்வைக் கடக்கும் வேகத்தையும் தனித்தனியே அறியலாம்.

அந்த நெசவாளருக்கு வழியின் விட்டம் 2 சென்டிமீட்டர், பரப்பு 3.14 சதுர சென்டிமீட்டர். ஒரு துடிப்பில் குருதி அவ்வழியில் 20 சென்டிமீட்டர் முன்னேறியது. பெருக்கினால் ஏறத்தாழ 63 மில்லிலிட்டர். அதே 63 மில்லிலிட்டர், வால்வைக் கடக்கும்போது 80 சென்டிமீட்டர் முன்னேறியது. 63ஐ 80ஆல் வகுத்தால் 0.79. அறிக்கையில் 0.8 என்று எழுதப்பட்டது இதுவே. உள்ளே போய் அளந்தவர் எவருமில்லை. உள்ளே போன குருதிதான் வெளியே வந்தாக வேண்டும் என்ற விதியே அளந்து சொன்னது. ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் குறைந்தால் அதைக் கடுமையான சுருக்கம் என்று மருத்துவர்கள் வகைப்படுத்துவர்.

இரத்த அழுத்தம் 120 என்று இருந்ததே, அது பொய்யா என்றால், பொய்யன்று. ஆனால் அது வால்வுக்கு வெளியே அளந்த அழுத்தம். அவருடைய வால்வில் குருதி நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் பீறிட்டது. அந்த வேகத்தை உண்டாக்க, வால்வின் இரு பக்கங்களுக்குமிடையே, உச்ச நிலையில், ஏறத்தாழ 64 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு அழுத்த வேறுபாடு தேவை. ஆகவே கையில் 120 என்று காட்டும்போது இதயத்தின் உள்ளே 180ஐ ஒட்டிய அழுத்தம் எழும்பிக்கொண்டிருந்தது. தோட்டத்துக் குழாயின் முனையை விரலால் அடைத்தால் நீர் வேகமாகப் பாய்வதைக் கண்டு, அடைப்பு இருந்தால் இரத்தம் நன்றாக ஓடும் போலும் என்று ஒருவர் என்னிடம் சொன்னதுண்டு. வேகம் வேறு, அளவு வேறு. விரலை வைத்ததால் வாளி விரைவில் நிறைவதில்லை. அந்த வேகத்துக்கான உழைப்பை முழுவதும் இதயத் தசையே ஏற்க வேண்டியிருக்கிறது. தசை முதலில் தடிக்கும், பிறகு தளரும். மூச்சிரைப்பு, நெஞ்சுவலி, வேலை செய்கையில் மயக்கம் ஆகியவை தோன்றியபின் காலம் கடத்தலாகாது. இறுகிய வால்வைத் திறக்கும் மாத்திரை எதுவும் இல்லை.

இரண்டு செய்திகளைக் குடும்பத்தார் தெரிந்துகொள்வது நல்லது. ஓரிடத்தில் 0.8 என்றும் மற்றோரிடத்தில் 0.64 என்றும் அறிக்கை வந்தால், இடையில் நோய் முற்றிவிட்டது என்று அஞ்ச வேண்டியதில்லை. ஒருவர் தவறு செய்துவிட்டார் என்று முடிவுகட்டவும் வேண்டாம். முன்வழியின் விட்டத்தை 2 சென்டிமீட்டருக்குப் பதில் 1.8 என்று அளந்தால் போதும், விடை 0.64 ஆகிவிடும். விட்டத்தில் நேரும் சிறு வேறுபாடு பரப்பில் ஏறத்தாழ இரு மடங்காகிறது. ஆகவேதான் முந்தைய அறிக்கைகள் அனைத்தையும் கொண்டுவரச் சொல்கிறோம். அறிக்கைகளை ஒப்பிடும்போது விட்டம் ஒரே அளவாக எடுக்கப்பட்டுள்ளதா என்பதையே முதலில் பார்க்கிறோம்.

மற்றொன்று, வேகம் குறைவாக இருப்பது எப்போதும் நற்செய்தி அன்று. கோடையில் பாலாற்றுப் பாலத்தின் கண்களில் நீர் சீறுவதில்லை. கண்கள் அகன்றுவிட்டன என்பதா காரணம்? வரும் நீரே குறைவு. தளர்ந்த இதயமும் அப்படியே. முன்வழியில் 10 சென்டிமீட்டர் மட்டுமே குருதி முன்னேறி, வால்வில் 40 சென்டிமீட்டர் சென்றால், வேகத்தை மட்டும் பார்ப்பவர் சுருக்கம் கடுமையானதன்று என்று எண்ணிவிடுவார். கணக்கிட்டால் திறப்பு அதே 0.79தான். ஆயினும் தளர்ந்த இதயத்தில், உந்துவிசை போதாமையால் வால்வு முழுவதும் விரியாமலும் இருந்திருக்கலாம். அதனால்தான் அத்தகையோருக்கு, இதயத்தைச் சற்று வலுவாகத் துடிக்கச் செய்யும் டோபுட்டமின் மருந்தைச் சிறிய அளவில் செலுத்திக்கொண்டே எக்கோவை மறுமுறை எடுக்கிறோம். “ஒருமுறை எடுத்தாயிற்றே, மறுபடியும் எதற்கு?” என்று கேட்போருக்கு இதுவே விடை.

நெசவாளர் இரண்டு வாரம் யோசித்தார். மகன் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தார். அது அவரை எந்த அளவுக்கு அசைத்ததென்று எனக்குத் தெரியாது. தெருவில் பாவு தோயும்போது இரண்டாம் முறை நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டதுதான் காரணம் என்று பின்னர்ச் சொன்னார். வால்வு மாற்றப்பட்டது.

அறுவைக்குப் பின் வார்டில் அவர் இருந்த நாட்களில், அதே விதி இன்னும் எளிய உருவில் அந்தக் குடும்பத்தின் கைக்கு வந்தது. சொட்டு மருந்தின் குப்பியில் விழும் சொட்டுகளே குழாய் வழியே சிரைக்குள் போகின்றன. நடுவில் தேங்க இடமில்லை. வழக்கமான குழாயில் 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர். 500 மில்லிலிட்டரை 8 மணி நேரத்தில் செலுத்த நிமிடத்துக்கு 21 சொட்டு போதும். விரைவில் முடியட்டும் என்று சக்கரத்தை உருட்டிவிடும் உறவினர்கள், எட்டு மணி நேரத்து நீரை நான்கே மணி நேரத்தில் இதயத்தின்மேல் சுமத்திவிடுகின்றனர். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். மெதுவாக விழுகிறதென்று தோன்றினால் செவிலியரை அழையுங்கள்.

அடுத்து, படுக்கையின் கால்மாட்டில் தொங்கும் வரவு செலவுத் தாள். குடித்த தண்ணீர், காபி, கஞ்சி, மோர், ரசம், இளநீர் ஆகிய எல்லாம் ஒரு பக்கம், சிறுநீர் மறுபக்கம். வந்ததற்கும் போனதற்கும் உள்ள வேறுபாடு உடலில் தங்குகிறது: காலில் வீக்கமாக, நுரையீரலில் நீராக. கூச்சத்தினால் சிறுநீரை அளக்காமல் கொட்டிவிடுவோர் பலர். அப்படிக் கொட்டிய ஒரு வேளையால் அன்றைய கணக்கு முழுவதும் பயனற்றுப் போகிறது. பாலாற்று மணலில் கண்ணுக்குத் தெரியாமல் நீர் இறங்குவதுபோல், வியர்வையிலும் மூச்சிலும் நாள்தோறும் அரை லிட்டருக்கும் மேல் நீர் போய்விடும். அதைத் தாளில் எழுத வழியில்லை. எடை பார்க்கச் சொல்வது அதனால்தான். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. உணவால் ஒரே நாளில் ஒரு கிலோ சதை ஏறிவிடாது. காலையில் சிறுநீர் கழித்தபின், உண்ணுமுன், ஒரே மாதிரியான உடையில் நின்று பார்க்க வேண்டும். மூன்று நாட்களுக்குள் 2 கிலோ கூடினால், மூச்சிரைப்பு வரும்வரை காத்திராமல் எங்களுக்குத் தெரிவிக்க வேண்டும்.

வீட்டு டம்ளரின் கொள்ளளவை முதல் நாளே ஓர் அளவுக் குவளையால் அறிந்துகொள்ளுங்கள். 150 மில்லிலிட்டர் என்று நாம் நினைக்கும் டம்ளர் பெரும்பாலும் 200ஐத் தாண்டும். ஐயம்பேட்டைக்காரர் மறுமுறை வந்தபோது, பட்டும் சரிகையும் வாங்கிய கணக்கு எழுதும் நீண்ட நோட்டையே கொண்டுவந்திருந்தார். அதன் பின்பக்கத்தில், மகனின் கையெழுத்தில், நாற்பது நாட்களின் எடை வரிசையாக எழுதப்பட்டிருந்தது. இருபத்துமூன்றாம் நாள் மட்டும் ஒன்றேகால் கிலோ கூடியிருந்தது. எதிரே “கல்யாண வீடு, பாயசம், ஊறுகாய்” என்று எழுதி அடிக்கோடிட்டிருந்தார்.